இடைவெளிகளில் தேடப்படும் கடவுள்

மதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையிலுள்ள பிணக்குப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் கலிலியோவின் விசாரணையிலிருந்தே தொடங்குவர். ஒருபுறம் திருச்சபை, மறுபுறம் விஞ்ஞானி என்று கட்சி பிரித்துவிட்டால் விவாதம் இலகுவாகிவிடும். வாசகரும் தமக்கு உகந்த கட்சியிற் சேர்ந்துகொள்வர். ஆயின், 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நடைபெற்ற ஒரு வழக்கு இந்த இலகுவான பிரிவினைக்கு அடங்குவதாயில்லை. டார்வினின் கூர்ப்புக் கொள்கை உயிரின் சிக்கலை விளக்கப் போதாது என்று அங்கே சாட்சி சொன்ன முதன்மையான விஞ்ஞானி ஒரு கத்தோலிக்கர். அக்கொள்கைக்காக முதற் சாட்சியாக ஏறிய விஞ்ஞானியும் ஒரு கத்தோலிக்கரே. இருவரும் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள். இருவரும் உயிருள்ள கலத்தையே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டவர்கள். இருவரும் தம் விசுவாசத்தை மறைக்காதவர்கள். முன்னவர் லீஹாய்ப் பல்கலைக்கழகத்து மைக்கல் பீஹி. பின்னவர் பிறவுண் பல்கலைக்கழகத்துக் கெனத் மில்லர்.

இருவரும் இவ்வழக்குக்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே தத்தம் கருத்துக்களை நூல்வடிவில் வெளியிட்டிருந்தனர். பீஹியின் ‘டார்வினின் கறுப்புப் பெட்டி’ 1996இல் வெளிவந்தது. மில்லரின் ‘டார்வினின் கடவுளைக் காணல்’ 1999இல் வெளிவந்தது. பின்னது முன்னதற்குப் பெருமளவில் மறுமொழியாக அமைந்தது. இவ்விரு நூல்களையும் எதிரெதிரே வைத்து நோக்கும்போது, கூர்ப்பை ஏற்பதா மறுப்பதா என்ற கேள்விக்கு அப்பால், வேறொரு கேள்வி துலாம்பரமாக எழுகின்றது. நம்பிக்கையுள்ள ஒருவன் தன் கடவுளை எங்கே தேடுகிறான், அறிந்தவற்றிலா அறியாதவற்றிலா என்பதே அது. நாம் இங்கு ஆராய விரும்புவதும் அதனையே.

வழக்கின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுவது நன்று. டோவர் என்னும் சிற்றூரின் கல்விச் சபை, 2004 ஒக்டோபரில், ஆறு வாக்குகளுக்கு மூன்று வாக்குகள் என்ற கணக்கில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவருக்கு ஓர் அறிவித்தல் வாசிக்கப்பட வேண்டும். டார்வினின் கொள்கை உறுதியான உண்மையன்று, அதில் இடைவெளிகள் உள, ‘மதிநுட்ப வடிவமைப்பு’ என்ற வேறு விளக்கமும் உண்டு, அதற்கான நூல் பாடசாலை நூலகத்தில் இருக்கிறது என்பன அந்த அறிவித்தலின் சாரம். பதினொரு பெற்றோர் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2005 செப்ரெம்பரில் ஹரிஸ்பேர்க் நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. டிசெம்பர் 20ஆம் நாள் நீதிபதி ஜோன் ஜோன்ஸ் 139 பக்கங்கள் கொண்ட தீர்ப்பை வழங்கினார். மதிநுட்ப வடிவமைப்பு விஞ்ஞானமன்று, அது சமயக் கருத்தின் மறுவடிவமே, அதனை அரசாங்கப் பாடசாலையிற் புகுத்துவது அரசியலமைப்புக்கு முரணானது என்பது அவர் முடிவு.

2

பீஹியின் நூலை எளிதிற் புறக்கணிக்க முடியாது. அவர் உலகம் ஆறு நாட்களிற் படைக்கப்பட்டதென்று கூறுபவரல்லர். பூமியின் வயது பற்றி நிலவியலாளர் கூறும் கணக்கை ஏற்பவர். மனிதனும் குரங்கினமும் ஒரே முன்னோர் வழிவந்தமையையும் மறுக்காதவர். சிக்கலான உயிரிரசாயனச் செய்திகளைப் பாமரரும் விளங்கிக்கொள்ளும் வகையில் எழுதும் ஆற்றலும் அவரிடம் உண்டு. குருதி உறைதல் பற்றிய அவரது அத்தியாயத்தைப் படிப்பவர், கையிற் பட்ட சிறு கீறல் ஒன்று ஆறுவதற்குள் உடம்பில் எத்தனை புரதங்கள் வரிசைமுறையிற் தொழிற்படுகின்றன என்பதை அறிந்து வியப்படைவர். அந்த வியப்பு மெய்யானது. அதிலிருந்து அவர் பெறும் முடிவே ஆராயத்தக்கது.

அவரது வாதத்தின் அச்சாணி, ‘குறைக்கவொண்ணாச் சிக்கல்’ என்னும் கருத்தாகும். எலிப்பொறியை அவர் உவமையாகக் காட்டுகிறார். பலகை, சுருள்வில், அடிக்கும் கம்பி, பிடிகோல், கொக்கி ஆகிய ஐந்தில் எதை எடுத்துவிட்டாலும் பொறி எலியைப் பிடிக்காது. அரைகுறைப் பொறி அரைகுறையாக எலி பிடிப்பதில்லை, ஒன்றுமே பிடிப்பதில்லை. ஆகவே அது சிறிது சிறிதாக உருவாகியிருக்க இயலாது. முழுவதையும் முன்கூட்டியே எண்ணி அமைத்த ஒருவன் இருந்திருத்தல் வேண்டும். பற்றீரியாவின் உடலிற் சுழலும் சவுக்குமுளை, குருதி உறையும் முறை, நோயை எதிர்க்கும் நிர்ப்பீடன ஆற்றல் ஆகியனவும் இத்தகையனவே என்பது அவர் கூற்று.

இவ்வாதம் புதியதுபோலத் தோன்றினும் பழையதே. 1802இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர், வெட்டவெளியிற் கிடக்கும் கைக்கடிகாரத்தைக் கண்டவன் அதைச் செய்தவனை ஊகிப்பதுபோல, உயிரினங்களைக் கண்டவன் படைத்தவனை ஊகிக்க வேண்டும் என்றார். இதனினும் அண்மித்த முன்னோடி ஒருவர் பீஹிக்கு உண்டு. அவரும் கத்தோலிக்கரே என்பது மனங்கொள்ளத்தக்கது. ஜோர்ஜ் மைவாட் என்ற ஆங்கில விலங்கியலாளர் 1871இல் ‘இனங்களின் தோற்றுவாய் பற்றி’ என்ற நூலை எழுதினார். கூர்ப்பு நிகழ்ந்ததை அவர் ஏற்றார். ஆனால், ஓர் உறுப்பு முழுமையாக வளர்ந்த பின்னரே பயன்தருமெனில், அதன் தொடக்கநிலையில் அதனை இயற்கைத் தேர்வு எவ்வாறு காத்து வளர்த்திருக்க முடியும் என்று வினவினார். அரைச் சிறகினால் ஆவதென்ன என்பதே அவ்வினாவின் எளிய வடிவம்.

டார்வின் அவ்வினாவை அலட்சியம் செய்யவில்லை. 1872இல் வெளியான தம் நூலின் ஆறாம் பதிப்பில் அதற்கென ஒரு புதிய அத்தியாயத்தையே சேர்த்தார். ஓர் உறுப்பு இன்று செய்யும் தொழிலையே என்றும் செய்துவந்ததென்று கொள்ள வேண்டியதில்லை. ஒரு தொழிலுக்கு உதவிய பகுதி, பின்னர் மாறி வேறொரு தொழிலுக்கு உதவலாம் என்பது அவரது விடையின் சாரம். நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், உறுப்புக்குப் பதிலாகப் புரதங்களை வைத்து, மைவாட்டின் கேள்வியையே பீஹி மீண்டும் கேட்டார். மில்லர் கூறிய விடையும், புரதங்களின் மொழியிற் சொல்லப்பட்ட டார்வினின் விடையே.

மில்லரின் மறுப்பு நகைச்சுவையோடு கூடியது. எலிப்பொறியிலிருந்து இரண்டு பகுதிகளை நீக்கிவிட்டு, எஞ்சியதைத் தம் கழுத்துப்பட்டியிற் கொளுவியாக மாட்டிக்கொண்டு அவர் மக்கள்முன் தோன்றியதுண்டு. எலி பிடிக்காத பொறி வேறொன்றைப் பிடிக்கும் என்பதே அதன் பொருள். விளையாட்டை விடுத்து விஞ்ஞானத்துக்கு வருவோம். சவுக்குமுளையில் முப்பதுக்கு மேற்பட்ட புரதங்கள் உள. அவற்றுட் பத்துவரையிலானவற்றைப் பெரிதும் ஒத்த புரதங்கள் வேறு சில பற்றீரியாக்களில் ஒரு தனிக் கருவியாக இயங்குகின்றன. கொள்ளைநோயை விளைக்கும் பற்றீரியா அதனை ஊசிபோலப் பயன்படுத்தி, தான் தாக்கும் கலத்தினுள் நஞ்சைச் செலுத்துகின்றது. அக்கருவி சுழல்வதில்லை, ஆனால் பயனின்றியும் இல்லை. அவ்வாறே, மனிதரின் குருதி உறைதலிற் பங்குகொள்ளும் பன்னிரண்டாம் காரணி என்ற புரதம் திமிங்கிலங்களிலும் ஓங்கில்களிலும் இல்லை. எனினும் அவற்றின் குருதி உறைகின்றது. எதை எடுத்தாலும் முழுவதும் குலையும் என்ற கூற்று இவ்விடங்களிற் பொய்த்துவிடுகின்றது.

நீதிமன்றத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இங்கே குறிப்பிடத்தக்கது. நிர்ப்பீடன ஆற்றல் எவ்வாறு தோன்றியது என்பதற்கு விஞ்ஞான இலக்கியத்தில் விடையே இல்லை என்று பீஹி முன்னர் எழுதியிருந்தார். குறுக்கு விசாரணையின்போது அவ்விடயம் பற்றிய 58 ஆய்வுக்கட்டுரைகளும் சில நூல்களும் அவர்முன் அடுக்கிவைக்கப்பட்டன. அவை போதுமானவை அல்ல என்பதே அவர் அளித்த மறுமொழி. இந்த மறுமொழியில் அவரது முறையியலின் குறைபாடு முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். எத்தனை சான்று வந்தாலும், இன்னும் ஒரு படி எஞ்சியிருக்கிறது என்று கூற எப்போதும் இடமுண்டு. விஞ்ஞானி அந்த எஞ்சிய படியை நாளைய வேலையாகக் கொள்கிறான். பீஹியோ அதனைக் கடவுளுக்கு ஒதுக்கப்பட்ட ஆசனமாகக் கொள்கிறார்.

3

இனி, இந்த ஆசனம் பற்றியே சற்று ஆழ்ந்து நோக்க வேண்டும். ஏனெனில், பீஹியின் கருத்து விஞ்ஞானத்துக்கு இழைக்கும் தீங்கு பலராலும் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. அது கத்தோலிக்கச் சிந்தனை மரபுக்கு இழைக்கும் தீங்கு அத்துணை கவனிக்கப்படவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அக்குவினாஸ் தோமையார் முதற்காரணம், இரண்டாந்தரக் காரணங்கள் என்ற பாகுபாட்டை விரித்துரைத்தார். கடவுள் முதற்காரணர், ஆயின் அவர் படைத்த பொருள்களும் தம்மளவில் மெய்யான காரணங்களாக இயங்குகின்றன. நெருப்புச் சுடுவதற்கு ஒவ்வொரு முறையும் கடவுள் தனியே தலையிட வேண்டியதில்லை. சுடும் இயல்போடு நெருப்பு இருப்பதே அவர் செயல். இந்நோக்கில், இயற்கை தன் வழியே இயங்குவது கடவுளின் இன்மைக்குச் சான்றாகாது. அதன் இயக்கம் நின்ற இடத்திலே அவரைத் தேட வேண்டிய தேவையுமில்லை. அவருக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் அகுஸ்தீனாரும், ஆதியாகமத்தின் படைப்பு நாட்களை நம் நாட்களைப்போலக் கொள்ள வேண்டியதில்லை என்றும், உலகத் தொடக்கத்திலே வித்துக்களாக வைக்கப்பட்டவை உரிய காலத்தில் வெளிப்பட்டன என்றும் எழுதினார். இவர்கள் டார்வினை முன்னுணர்ந்தவர்கள் என்று கூறுவது மிகை. அவர்கள் அறிந்த இயற்கை வேறு. ஆயின் டார்வினைக் கண்டு அஞ்சத் தேவையில்லாத ஒரு சட்டகம் அவர்களிடம் இருந்தது என்பது மிகையன்று.

பீஹியின் நூலில் இம்மரபு இருந்த இடம் தெரியவில்லை. அவர் காட்டும் வடிவமைப்பாளன் பற்றீரியாவுக்குச் சவுக்குமுளை பொருத்தவும், குருதிக்குப் புரதம் சேர்க்கவும் அவ்வப்போது வந்துபோகும் ஒரு கைவினைஞன். இயற்கைக் காரணங்களோடு போட்டியிடும் இன்னொரு காரணமாக அவன் சுருங்கிவிடுகிறான். ஆய்வு ஓரடி முன்னேறினால் அவன் ஓரடி பின்வாங்க வேண்டும். கருதினால் நியூமன் இந்த ஆபத்தை மிக முன்னதாகவே உணர்ந்தவர். டார்வினின் கொள்கை விசுவாசத்துக்கு முரணாக வேண்டியதில்லை என்று 1868இல் ஒரு கடிதத்திலும், தாம் இயற்கையில் அமைப்பைக் கண்டு கடவுளை நம்பவில்லை, கடவுளை நம்புவதாலேயே அமைப்பை நம்புவதாக 1870இல் இன்னொரு கடிதத்திலும் அவர் கருத்துரைத்தார். இவ்வரிசையைத் தலைகீழாக்கியமையே மதிநுட்ப வடிவமைப்பு வாதத்தின் அடிப்படைப் பிழை.

இப்பிழை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பீஹியே தம் இரண்டாவது நூலில் காட்டிவிட்டார். 2007இல் வெளிவந்த ‘கூர்ப்பின் எல்லை’ என்ற அந்நூலுக்கு மலேரியாக் கிருமியே பிரதான உதாரணம். குளோரோகுயின் மருந்தை எதிர்த்து நிற்கும் வல்லமையை அக்கிருமி இயற்கையாகவே பெற்றுக்கொண்டது என்பதை அவர் ஏற்கிறார். அதுவே தற்செயல் மாற்றங்கள் எட்டக்கூடிய எல்லை என்கிறார். அவ்வாறாயின் அந்தக் கிருமியின் நுட்பமான உடலமைப்பு எங்கிருந்து வந்தது? தம் தர்க்கத்துக்கு உண்மையாக நிற்கும் அவர், மலேரியாவும் வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டது என்று எழுதுகிறார். அவரது நேர்மையை நாம் பாராட்டலாம். முடிவை என்னென்பது?

இம்முடிவை நம் நாட்டு வாசகர் வெறும் ஏட்டுச்செய்தியாகக் கொள்ள முடியாது. 1934-35ஆம் ஆண்டுகளில் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளையில் ஏறத்தாழ 80,000 பேர் மடிந்தனர். அவர்களிற் பெருந்தொகையினர் குழந்தைகள். மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளானதும், அக்குட்டைகளில் நுளம்பு பெருகியதும், பஞ்சத்தால் மெலிந்த ஏழைக் கிராமத்தவரே முதலில் வீழ்ந்ததும் அக்கொள்ளையின் காரணங்கள். பின்னர் டி.டி.டி. தெளிக்கப்பட்டது, 1963இல் நாடு முழுவதிலும் 17 பேரே இந்நோய் கண்டனர், சில ஆண்டுகளுக்குள் நோய் மீண்டும் பெருகியது. கண்காணிப்புத் தளர்ந்தமை அதற்கு முக்கிய காரணம். அதனோடு, டி.டி.டி.யைத் தாங்கவல்ல நுளம்புகள் தேர்ந்து பெருகியமையும் பின்னர் சிக்கலைக் கூட்டியது. மருந்தை மாற்ற வேண்டியதாயிற்று. இயற்கைத் தேர்வு என்பது நூலகத்துக் கருதுகோள் மட்டுமன்று என்பதற்கு நம் கண்முன் நிகழ்ந்த பாடம் இது. அப்பாடத்தைக் கற்றுச் செயற்பட்ட சுகாதார ஊழியரின் நீண்ட உழைப்பினாலேயே 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. இறந்த குழந்தையின் தாயிடம் போய், இக்கிருமி ஒரு மதிநுட்பத்தின் திட்டமென்று கூறும் இறையியல் எத்தகையது என்பதைக் கத்தோலிக்க வாசகரே சிந்திப்பாராக.

4

பீஹியை மறுத்தமையால் மில்லர் கூறுவதெல்லாம் ஏற்புடையதென்று ஆகிவிடாது. அவரது நூலின் முற்பகுதி உறுதியானது. பிற்பகுதியில், விஞ்ஞானியின் இடத்திலிருந்து விசுவாசியின் இடத்துக்கு அவர் கடக்கும்போது, தரை சற்று வழுக்குகிறது.

கடவுள் உலகில் எவ்வாறு செயற்படுகிறார் என்ற கேள்விக்கு மில்லர் குவாண்டம் பௌதிகத்தின் உதவியை நாடுகிறார். அணுவினுள் நிகழ்வன முற்றாக முன்னறியப்படக் கூடியவையல்ல. ஆகவே உலகம் கடிகாரம்போல் முடுக்கிவிடப்பட்டதன்று. மனிதச் சுதந்திரத்துக்கும், கண்டறிய முடியாத வகையில் நிகழும் இறைச் செயலுக்கும் அங்கே இடமுண்டு என்பது அவர் கருத்து. உலகம் திறந்த நிலையில் இருப்பதாக அவர் கூறுவதில் அழகுண்டு. ஆயினும், கலத்தின் இடைவெளியிலிருந்து கடவுளை வெளியேற்றியவர், அணுவின் இடைவெளியில் அவருக்கு வேறோர் இடம் தேடித்தருகிறாரோ என்ற ஐயம் நமக்கு எழுகின்றது. முன்னதினும் இது சிறிய இடைவெளி, ஆய்வாளரின் கைக்கு எட்டாதது, ஆனால் இடைவெளியே. தோமையாரின் பாகுபாட்டை உறுதியாகப் பற்றியிருந்தால் மில்லருக்கு இத்தேடல் வேண்டியிருந்திராது.

இன்னொரு குறையும் உண்டு. கத்தோலிக்க விசுவாசத்துக்குக் கூர்ப்பினால் எழும் மெய்யான சங்கடம் சவுக்குமுளையில் இல்லை. அது ஆதாமில் உள்ளது. பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950 ஓகஸ்ட் 12ஆம் நாள் வெளியிட்ட ‘உமானி ஜெனரிஸ்’ என்ற சுற்றுமடலில், மனித உடல் முன்னிருந்த உயிர்ப்பொருளிலிருந்து தோன்றியதா என்று ஆராய்வதற்கு அறிஞருக்கு இடமளித்தார். ஆன்மாவைக் கடவுளே நேராகப் படைக்கிறார் என்பதை வலியுறுத்தினார். ஆனால், மனிதகுலம் முழுவதும் ஒரே ஆதித் தந்தைவழி வந்ததன்று என்ற கருத்தைச் சென்மப் பாவம் பற்றிய போதனையோடு எவ்வாறு இசைவிப்பதெனத் தெரியவில்லை என்று கூறி, அதனை விசுவாசிகள் தழுவலாகாதென்று தடுத்தார். இன்றைய பரம்பரையியலோ, நம் இனம் ஒரு சோடியிலிருந்து கிளைத்ததன்று, பல ஆயிரவர் கொண்ட கூட்டமாகவே வாழ்ந்து வந்தது என்பதையே சுட்டுகின்றது. முதற் பாவம் யாருடையது, அது எல்லாரையும் பற்றியது எவ்வாறு என்ற வினாக்கள் இவ்விடத்தில் எழுகின்றன. இறையியலாளர் பலர் இவற்றோடு மல்லாடி வருகின்றனர். முடிந்த விடை இன்னும் இல்லை.

இதனோடு இணைந்தது துன்பம் பற்றிய வினா. கோடிக்கணக்கான ஆண்டுகள் உயிர்கள் ஒன்றையொன்று தின்றும், பசித்தும், நோயுற்றும், பூண்டோடு அழிந்தும் வந்த பாதையே மனிதன் வந்த பாதை. உயிருள்ள புழுவின் உடலினுள் தன் குஞ்சுகள் உண்டு வளருமாறு முட்டையிடும் குளவியினத்தை எண்ணி, நன்மையே உருவான ஒருவர் அதனைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் எனத் தம்மால் நம்ப முடியவில்லை என்று டார்வின் 1860இல் தம் நண்பர் ஆசா கிரேக்கு எழுதினார். வழக்கில் பெற்றோர் பக்கம் சாட்சி சொன்ன கத்தோலிக்க இறையியலாளர் ஜோன் ஹோட் இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்டவர். முடிந்துபோன படைப்புக்குப் பதிலாக, இன்னும் முடியாத படைப்பைப் பற்றி அவர் பேசுகிறார். அவரது விடையை நாம் ஏற்காமலிருக்கலாம். வினாவின் கனத்தை அவர் உணர்ந்திருக்கிறார். மில்லரின் நூலில் அக்கனம் போதிய அளவு இல்லை. நம்பிக்கையும் விஞ்ஞானமும் இலகுவாகக் கைகுலுக்கிக்கொள்ளும் ஒரு மகிழ்ச்சியான முடிவுக்கு அவர் விரைந்துவிடுகிறார்.

5

திருச்சபைக்கும் கூர்ப்புக்கும் என்றுமே பிணக்கில்லை என்று இன்று சிலர் எழுதுவதைக் காண்கிறோம். டார்வினின் நூல் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறவில்லை என்பதை அவர்கள் சான்று காட்டுவர். அச்சான்று மெய்யே. பரம்பரையியலுக்கு அடிகோலிய மெண்டல், அகுஸ்தீன் சபைத் துறவி என்பதும் மெய்யே. எனினும் சரித்திரம் அத்துணை தூய்மையானதன்று.

மைவாட்டுக்குப் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் 1876இல் கௌரவப் பட்டம் வழங்கினார். ஆனால் அமெரிக்கக் குருவான ஜோன் ஸாம் 1896இல் ‘கூர்ப்பும் விசுவாசக் கோட்பாடும்’ என்ற நூலை எழுதியபோது நிலைமை மாறியிருந்தது. 1898இல் உரோமாபுரியின் நூற்றடைச் சபை அந்நூலைத் தடைசெய்தது, தடை பகிரங்கப்படுத்தப்படவில்லை, ஸாம் நூலை மேலும் பரவவிடாமல் அடங்கிப்போனார். இயேசுசபைக் குருவும் புதைபடிவ ஆய்வாளருமான தெய்யார் த ஷார்தனின் கதை இன்னும் துயரமானது. சீனாவில் பீக்கிங் மனிதனின் எச்சங்களை ஆராய்ந்தோருள் ஒருவர் அவர். கூர்ப்பையும் கிறிஸ்தவ நம்பிக்கையையும் ஒரே பார்வையில் இணைக்க முயன்ற தம் பெருநூலை வெளியிட அனுமதி கேட்டுக் கேட்டுக் காத்திருந்தார். அனுமதி கிடைக்கவில்லை. 1955 ஏப்பிரலில், உயிர்த்த ஞாயிறன்று, நியூயோர்க்கில் அவர் மறைந்தார். அவ்வாண்டிலேயே நூல் வெளிவந்தது. 1962இல் அவருடைய எழுத்துக்கள் பற்றி உரோமாபுரி எச்சரிக்கை விடுத்தது. தெய்யாரின் கருத்துக்களில் விஞ்ஞானமும் கவிதையும் பிரித்தறிய முடியாமற் கலந்துள்ளன என்பது நமது அபிப்பிராயம். அது வேறு விடயம். பேச வேண்டியவரைப் பேசவிடாமற் செய்த ஆண்டுகளுக்கு எவரும் கணக்குக் கொடுக்கவில்லை.

1996 ஒக்டோபர் 22ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், கூர்ப்பு வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டதென விஞ்ஞானக் கழகத்துக்கு அறிவித்தார். ஒன்பது ஆண்டுகளின் பின், 2005 ஜூலையில், டோவர் வழக்கு விசாரணைக்குச் சில வாரங்களுக்கு முன்னர், வியன்னாவின் கருதினால் ஷோன்போர்ன் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை அச்செய்தியின் முக்கியத்துவத்தைக் குறைத்துக் காட்டியது. மதிநுட்ப வடிவமைப்பு வாதிகள் அதனை வரவேற்றனர். வத்திக்கான் வானாய்வு நிலையத்தின் தலைவராக அப்போதிருந்த இயேசுசபைக் குரு ஜோர்ஜ் கொய்ன் அதனைப் பகிரங்கமாக மறுத்தெழுதினார். 2014இல் பாப்பரசர் பிரான்சிஸ், கடவுள் மந்திரக்கோல் ஏந்திய மாயவித்தைக்காரர் அல்லர் என்ற கருத்துப்பட உரையாற்றினார். ஒரே திருச்சபைக்குள் ஒரே வினாவுக்கு இத்தனை குரல்கள் எழுந்தமை குறையன்று. 1898இல் மூடிய கதவுக்குள் நடந்தது, 2005இல் பத்திரிகையின் பக்கத்தில் நடந்தது. இம்மாற்றத்தையே நாம் வளர்ச்சி என்கிறோம்.

6

மீண்டும் டோவருக்கு வருவோம். இப்பிரச்சினையில் சாதாரண மக்களுக்கு உரிய பங்கு அங்கேதான் இருக்கிறது.

வழக்கில் வெளிப்பட்ட செய்திகளுள் ஒன்று, நூலகத்தில் வைக்கப்பட்ட ‘பண்டாக்களும் மனிதரும் பற்றி’ என்ற நூலைப் பற்றியது. அதன் பழைய கையெழுத்துப் படிகள் நீதிமன்றத்தில் ஒப்புநோக்கப்பட்டன. படைப்புவாதத்தைப் பாடசாலையிற் கற்பிக்க வேண்டுமென்ற சட்டத்தை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1987இல் செல்லாதெனத் தீர்த்த பின்னர், அப்படிகளில் ‘படைப்பு’ என்ற சொல் இருந்த இடங்களிலெல்லாம் ‘மதிநுட்ப வடிவமைப்பு’ என்ற சொல் குந்தியிருந்தது. அவசரத்தில் ஓரிடத்தில் பழைய சொல்லின் தலையும் வாலும் எஞ்சிப் புதிய சொல்லோடு ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு கொள்கையின் புதைபடிவம் இவ்வளவு தெளிவாகக் கிடைப்பது அரிது. விஞ்ஞானத்தின் பெயரால் கோரப்பட்டது விஞ்ஞானமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கல்விச் சபையின் அறிவித்தலை வகுப்பில் வாசிக்குமாறு பணிக்கப்பட்டபோது, அவ்வூரின் விஞ்ஞான ஆசிரியர்கள் மறுத்துவிட்டனர். நிர்வாகிகளே வந்து அதனை வாசிக்க வேண்டியதாயிற்று. அவ்வாசிரியர்கள் நம்பிக்கைக்கு எதிராகப் போர்தொடுக்க வந்தவர்களல்லர். தமக்குத் தெரிந்து பொய்யான ஒன்றை மாணவர்முன் மெய்யென்று வைக்க முடியாது என்று மட்டுமே அவர்கள் கூறினர். தொழிலின் மானம் என்பது இதுவே. 2005 நவம்பரில், தீர்ப்பு வருமுன்னரே நடந்த தேர்தலில், மறுபடி போட்டியிட்ட கல்விச் சபை உறுப்பினர் எண்மரையும் ஊர்மக்கள் தோற்கடித்தனர். வழக்குச் செலவாகப் பத்து இலட்சம் டொலருக்கு மேல் அந்தச் சிற்றூரின் கல்வி நிதியிலிருந்து போயிற்று. பெரிய இடத்துக் கோட்பாட்டாளரின் சோதனைக்குச் சாதாரண வரியிறுப்பாளர் விலை கொடுப்பது எந்நாட்டிலும் புதிதன்று.

இதனினும் பெரிய விலையொன்று உண்டு. விசுவாசமுள்ள குடும்பத்தில் வளரும் ஒரு பிள்ளையிடம், கூர்ப்பை ஏற்றால் கடவுளை இழப்பாய் என்று சொல்லப்படுகிறது. அப்பிள்ளை கற்றுத் தேறி, சான்றுகளை நேரிற் கண்டபின், நாற்பத்தெட்டு நிறமூர்த்தங்கள் கொண்ட பெருங்குரங்குகளுக்கும் நாற்பத்தாறு கொண்ட மனிதனுக்கும் உள்ள வேறுபாடு, இரண்டு நிறமூர்த்தங்கள் முனையோடு முனை ஒட்டியமையால் வந்தது என்பதையும், ஒட்டிய தழும்பு நம் ஒவ்வொரு கலத்திலும் இன்றும் இருக்கிறது என்பதையும் அறியும்போது, என்ன செய்யும்? ஒன்றில் கண்டதை மறைக்கும். அன்றேல் வீட்டையும் கோவிலையும் விட்டு வெளியேறும். இரண்டு வழிகளும் அப்பிள்ளைமேல் அநியாயமாகச் சுமத்தப்பட்டவை. அவ்வாறு தெரிவு செய்ய வேண்டியதில்லை என்பதைத் தம் வாழ்வாலும் எழுத்தாலும் காட்டியமை மில்லரின் பெருஞ்சேவை. அவருடைய குவாண்டம் தத்துவத்தை நாம் மறந்துவிடலாம். இதனை மறத்தல் ஆகாது.

நாம் இங்கு எவருக்கும் நம்பிக்கையைப் பரிந்துரைக்கவுமில்லை, அதனைக் கைவிடுமாறு கேட்கவுமில்லை. நம்புகிறவர் தம் நம்பிக்கையை அறியாமையின் மேல் கட்டலாகாது என்பதே நம் கோரிக்கை. இன்று தெரியாத ஒன்று நாளை தெரிந்துவிடும் என்ற அச்சத்தோடு வாழும் பக்தி, ஆய்வுகூடத்தில் விளக்கு எரிவதைக் கண்டு மனம் பதறும். அக்குவினாஸ் தோமையாரின் மரபிலே வந்தவருக்கு அப்பதற்றம் தகாது. பீஹியின் நூலைப் படிப்பவர் கலத்தின் வியப்பைக் கற்றுக்கொண்டு அவர் முடிவை விட்டுவிடலாம். மில்லரின் நூலைப் படிப்பவர் அதன் சான்றுகளைப் பெற்றுக்கொண்டு, ஆதாமும் துன்பமும் பற்றி அவர் விரைந்து கடந்த வினாக்களில் நின்று நிதானிக்கலாம். கத்தோலிக்கச் சிந்தனையாளர் தமிழில் இவ்வினாக்களை எடுத்து, சுற்றி வளைக்காது எழுதுவார்களாயின், அதனை வரவேற்று விவாதிக்க நாம் ஆயத்தமாயுள்ளோம்.